வரி, கசிவு, திட்டு: ஸ்க்வீஜி மக்கர் செய்தால் எங்கே பார்ப்பது

கண்ணாடி துடைத்த பிறகு வரி நின்றால் சோப்பை மாற்றுகிறோம். துணிப்பையில் அச்சு கசிந்தால் மையைத் திட்டுகிறோம். நெகட்டிவில் கீறல் விழுந்தால் கேமராவைக் கழற்றிப் பார்க்கிறோம். மூன்று வேலைக்கும் நடுவில் நிற்கிற ரப்பர் பட்டையைக் கடைசியில்தான் திருப்பிப் பார்ப்பது வழக்கம். வீட்டிலும் கடையிலும் அதற்குப் பெயர் வைப்பர், அச்சுப் பட்டறையில் ஸ்க்வீஜி. ஈரமான ஒன்றைச் சீரான அழுத்தத்தில் தள்ளிக்கொண்டு போவதுதான் எல்லா இடத்திலும் அதன் வேலை. அதனால் கோளாறுகளும் ஏறக்குறைய ஒரே மாதிரிதான் வரும். மதுரைப் பக்கம் இரண்டு தொல்லை கூடுதல்: போர் தண்ணியின் உப்பும் சித்திரை வெயிலும்.

வரிசையாகப் படிக்க வேண்டியதில்லை. உங்களுக்கு எந்தக் கோளாறோ அந்தத் தலைப்புக்குப் போய்க்கொள்ளலாம். ஆனால் அதற்கு முன்னால் ஒரு சோதனை.

முதலில் விளிம்பு

ரப்பரைச் சுத்தமாகத் துடையுங்கள். தட்டையான கண்ணாடித் துண்டு ஒன்றை மேசையில் போட்டு, அதன்மேல் பிளேடை, அதாவது அந்த ரப்பர் பட்டையை, நேராக, அழுத்தாமல் நிறுத்துங்கள். பின்பக்கத்திலிருந்து செல்போன் டார்ச்சை அடியுங்கள். விளிம்பு சரியாக இருந்தால் அடியில் வெளிச்சம் ஒழுகாது. புள்ளியாக ஒழுகினால் அங்கே வெட்டு இருக்கிறது. நடுவில் நீளமாக ஒழுகினால் பிளேடோ கைப்பிடிக் கட்டையோ வளைந்திருக்கிறது. நடு ஒட்டிக்கொண்டு இரண்டு ஓரமும் தூக்கினால் ஓரங்கள் தேய்ந்துவிட்டன.

அப்புறம் கட்டைவிரல் நகத்தை விளிம்பின் மூலைக்குக் குறுக்கே லேசாக இழுத்துப் பாருங்கள். கூரான மூலை நகத்தைப் பிடிக்கும். மழுங்கிய மூலையில் நகம் வழுக்கிக்கொண்டு போகும். துணி அச்சுக்கென்று வேண்டுமென்றே உருட்டி வாங்கிய பிளேடு தவிர மற்ற எல்லாவற்றுக்கும் நகம் பிடிக்க வேண்டும். கண்ணாலே பார்த்து நன்றாக இருக்கிறது என்று முடிவு கட்டாதீர்கள். மழுங்கிய ரப்பர் பார்வைக்குப் புதுசு மாதிரியேதான் இருக்கும்.

கண்ணாடியில் மேலிருந்து கீழ்வரை ஒற்றைக் கோடு

ஒரு முறை இழுங்கள். வைப்பரை ஒரு சாண் தள்ளி வைத்து இன்னொரு முறை இழுங்கள். கோடு வைப்பரோடு சேர்ந்து நகர்ந்தால் குற்றம் ரப்பரில். அதே இடத்தில் நின்றால் கண்ணாடியில் ஏதோ ஒட்டியிருக்கிறது: பெயின்ட் துளி, ஸ்டிக்கர் பசை, போஸ்டர் ஒட்டின கோந்து, ஏதாவது ஒன்று.

ரப்பர்தான் என்றால் மணல் சிக்கியிருக்கலாம், துணியால் துடைத்தால் போய்விடும். வெட்டு விழுந்திருந்தால் ரப்பரைச் சட்டத்திலிருந்து உருவித் திருப்பிப் போடுங்கள். கண்ணாடி வைப்பரின் ரப்பருக்கு முன்னும் பின்னும் மூலை உண்டு. ஒன்று போனாலும் மற்றது இருக்கிறது. இரண்டும் போனால் ரப்பரை மட்டும் மாற்றினால் போதும். இந்த வசதிக்கு எட்டோரே ஸ்டெக்கோனே என்ற இத்தாலியருக்கு நன்றி சொல்லலாம். அமெரிக்காவில் ஓக்லண்ட் நகரத்தில் கண்ணாடி துடைத்துப் பிழைத்த அவர் 1936-இல் பித்தளையில் லேசான ஒற்றை ரப்பர் வைப்பரை வடிவமைத்தார். அதற்கு முன்னால் புழங்கியவை இரட்டை ரப்பர் வைத்த கனத்த இரும்புச் சாமான்கள். ரப்பரை மாற்ற வேண்டுமென்றால் உட்கார்ந்து வரிசையாகத் திருகு கழற்ற வேண்டும். நம் கடைகளில் கிடைக்கிற பிளாஸ்டிக் வைப்பர்கள் பலவற்றில் ரப்பர் கழற்றவே முடியாமல் ஒட்டி வருகிறது. வாங்கும்போதே ஓரத்தைப் பிடித்து இழுத்துப் பாருங்கள். உருவ வரவில்லை என்றால் எனக்கு அது வைப்பரே இல்லை.

வைப்பர் தடதடவென்று துள்ளுகிறது

கண்ணாடியில் படிப்படியாகக் குறுக்குக் கோடுகள் விழும், கையிலும் அதிர்வு தெரியும். ரப்பருக்கும் கண்ணாடிக்கும் நடுவில் வழுக்கல் போதவில்லை என்று அர்த்தம். இந்த ஊரில் முதல் சந்தேகம் வெயில்மேல். மேற்குப் பார்த்த கடையின் ஷோகேஸ் கண்ணாடி சித்திரை மாதம் சாயங்காலம் நாலு மணிக்குத் தோசைக்கல். தண்ணீர் அடித்துவிட்டு வைப்பரைத் தேடி எடுப்பதற்குள் மேல் பாதி காய்ந்திருக்கும். காலையில் கடை திறந்ததும் துடைப்பதைத் தவிர வேறு வைத்தியம் கிடையாது.

வெயில் இல்லாத நேரத்திலும் துள்ளினால் வாளியைப் பாருங்கள். பாத்திரம் கழுவும் திரவம் ஒரு வாளித் தண்ணீருக்குச் சில சொட்டு வேண்டும். சொட்டே இல்லாமல் வெறும் தண்ணீரில் இழுத்தால் துள்ளும். தாராளமாக ஊற்றினால் துள்ளாது, ஆனால் காய்ந்ததும் மங்கலான படலம் நிற்கும். சோப்பும் சரியென்றால் கைப்பிடியைக் கண்ணாடிப் பக்கம் இன்னும் கொஞ்சம் சாய்த்து இழுங்கள். அப்படியும் துள்ளினால் ரப்பர் காய்ந்து இறுகிவிட்டது. மொட்டை மாடியிலோ பைக்கிலோ வெயிலில் கிடந்த ரப்பருக்கு இந்தக் கதி சீக்கிரமே வரும்.

இழுத்த பிறகு ஓரத்தில் தண்ணீர் வழிகிறது

ரப்பர் ஈரத்தில் தொடங்கினால் ஓரத்தில் சொட்டு விட்டே தீரும். மேல் ஓரத்தில் இரண்டு விரல் அகலத்துக்குத் துணியால் துடைத்துவிட்டு, அந்தக் காய்ந்த பட்டையில் வைப்பரை வைத்துத் தொடங்குங்கள். ஒவ்வொரு இழுப்புக்கும் நடுவில் ரப்பரைத் துணியில் ஒற்றிக்கொள்ளுங்கள். அடுத்த இழுப்பு முந்தையதன்மேல் மூன்று விரல் ஏறியிருக்கட்டும். ரப்பர் சட்டத்தைவிட இரண்டு பக்கமும் 3 மில்லிமீட்டர் அளவுக்கு நீட்டிக்கொண்டிருக்க வேண்டும். உள்ளே இழுத்துக்கொண்டிருந்தால் மூலை துடையாது, சட்டத்தின் உலோகம் கண்ணாடியையும் கீறும்.

துடைத்தபோது பளிச், காய்ந்ததும் வெள்ளைத் திட்டு

இதற்கு வைப்பர் பொறுப்பல்ல. போர் தண்ணியில் கரைந்திருக்கும் சுண்ணாம்புச் சத்து, தண்ணீர் ஆவியானதும் கண்ணாடியிலேயே தங்கிவிடுகிறது. சோப்புப் போட்டுக் கழுவுவதைப் போர் தண்ணியில் செய்துகொள்ளுங்கள். கடைசியாக அடிக்கிற தண்ணீர் மட்டும் வடிகட்டிய நல்ல தண்ணீராக இருக்கட்டும். ஆர்ஓ மெஷினிலிருந்து வெளியேறும் கழிவுத் தண்ணீரை வீணாக்கக் கூடாது என்று அதைப் பிடித்துவைத்துக் கண்ணாடி துடைக்கிறவர்கள் இருக்கிறார்கள். நல்ல எண்ணம்தான், இடம் தப்பு. மெஷின் பிரித்தெடுத்த உப்பெல்லாம் அந்தத் தண்ணீரில்தான் இருக்கிறது. அதைத் தரைக்கும் கழிப்பறைக்கும் ஊற்றுங்கள்.

ஏற்கெனவே படிந்த திட்டுக்குச் சமையல் வினிகரைத் தண்ணீரில் பாதிக்குப் பாதி கலந்து, துணியில் நனைத்துச் சில நிமிடம் ஒட்டவைத்து, பிறகு கழுவலாம். எலுமிச்சம்பழமும் அதே வேலையைச் செய்யும். ஜன்னலுக்குக் கீழே மார்பிளோ கடப்பாக்கல்லோ மொசைக்கோ இருந்தால் முதலில் அதன்மேல் ஒரு பிளாஸ்டிக் ஷீட்டை விரித்துவிடுங்கள். கண்ணாடியில் சுண்ணாம்பைக் கரைக்கிற புளிப்பு அந்தக் கல்லையும் அரித்து மங்கச் செய்துவிடும்.

தரை வைப்பருக்கு அதிகம் சொல்ல எதுவும் இல்லை. நுரை ரப்பர் கிழிந்தால் மாற்ற வேண்டியதுதான். தள்ளின தண்ணீர் திரும்பத் திரும்ப ஒரே மூலைக்கு வருகிறதென்றால் வாட்டம் சரியில்லை. கொத்தனாரைக் கூப்பிடுங்கள்.

துணிப்பையிலும் கார்டிலும் எழுத்தின் ஓரம் கசிகிறது

ஃப்ரேமில் இழுத்துக் கட்டிய மெஷ் என்ற வலை வழியாக மையை ஸ்க்வீஜியால் தள்ளி அச்சடிக்கும் ஸ்கிரீன் பிரிண்டிங்கில் வருகிற புகார்களில் முக்கால்வாசி இதுதான். 2019 ஜனவரி முதல் தேதி ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக் பைகளுக்குத் தமிழ்நாட்டில் தடை வந்தது, 2021 டிசம்பரில் ‘மீண்டும் மஞ்சப்பை’ இயக்கம் வந்தது. கல்யாணத்துக்குத் தாம்பூலப் பை அடிக்கும் வழக்கம் நம் பக்கம் அதற்கு முன்பிருந்தே உண்டு. ஆக, முகூர்த்த மாதங்களில் பட்டறையில் மஞ்சள் பை மலைபோல் குவிகிறது. கசிவு முதலில் காட்டிக்கொடுப்பது ‘ண’, ‘ஸ்ரீ’ போன்ற சுழி எழுத்துகளில். சுழியின் உள்ளே இருக்க வேண்டிய வெற்றிடம் மையால் அடைந்துவிடும்.

முதல் பிரிண்டிலேயே கசிகிறதா, பத்து இருபது போட்ட பிறகு கசிகிறதா என்று கவனியுங்கள். போகப் போகக் கசிந்தால் ஸ்கிரீனுக்கு அடியில் மை சேர்ந்திருக்கிறது. ஃப்ரேமைத் தூக்கி அடிப்பக்கத்தைத் துடைத்துவிட்டு, பழைய பேப்பரில் இரண்டு மூன்று முறை இழுத்துவிட்டுத் தொடருங்கள். முதல் பிரிண்டிலிருந்தே கசிந்தால் பிளேடின் கோணம், அழுத்தம், இடைவெளி என்ற வரிசையில் பாருங்கள்.

பிளேடு கிட்டத்தட்ட நிமிர்ந்து நிற்க வேண்டும், 75 பாகை அளவுக்கு. இழுக்க இழுக்கக் கை சோர்ந்து பிளேடு படுத்துக்கொண்டே வரும். 45 பாகைக்குப் போய்விட்டால் விளிம்பு மையை வெட்டி எடுப்பதை விட்டுவிட்டு, ரப்பரின் வயிற்றால் மையை மெஷ்ஷுக்குள் திணிக்க ஆரம்பிக்கும். புதிதாக வேலைக்குச் சேர்ந்த பையன்கள் இந்த இடத்தில் ஒரே கேள்விதான் கேட்பார்கள்.

“அண்ணே, சரியா விழல. இன்னும் அழுத்தவா?”

“அழுத்தாதப்பா. நிமித்து.”

அழுத்தம் எவ்வளவு என்பதற்கு மெஷ்ஷே அளவுகோல். இழுத்து முடித்ததும் பிளேடு போன பாதையில் மெஷ் துடைத்தாற்போல் இருக்க வேண்டும், மை ஏடு தங்கக் கூடாது. அந்த அளவுக்கு மேல் அழுத்துவதெல்லாம் விளிம்பை மடக்கிக் கசிவைத்தான் கூட்டும். விளிம்பு மழுங்கிய பிளேடு அழுத்தினால்தான் துடைக்கும், அழுத்தினால் கசியும். அதனால்தான் விளிம்பு சோதனையை முதலில் வைத்தேன்.

அடுத்தது இடைவெளி. ஸ்கிரீன் பொருளின்மேல் படுத்துக்கொண்டிருக்கக் கூடாது. ஃப்ரேமின் மூலைகளுக்கு அடியில் ஒரு ரூபாய்க் காசு ஒன்றோ இரண்டோ கொடுத்தால் ஒன்றரையிலிருந்து 3 மில்லிமீட்டர் வரை உயரம் கிடைக்கும். பிளேடு போகும் இடத்தில் மட்டும் மெஷ் இறங்கித் தொட்டு, பிளேடு தாண்டியதும் தானாகப் பிரிந்து மேலே வர வேண்டும். இழுக்கும்போது பிளேடுக்குப் பின்னால் மெஷ் சட்டென்று விடுபடுவது கண்ணுக்கே தெரியும். ஒட்டிக்கொண்டே கிடந்தால் இடைவெளி போதவில்லை அல்லது மெஷ் தளர்ந்துவிட்டது. எழுத்து இரட்டையாகத் தெரிவதற்கும் இதே தளர்ச்சிதான் முக்கியக் காரணம். தளர்ந்த மெஷ்ஷைப் பிளேடு தன்னோடு சேர்த்து இழுத்துக்கொண்டு போகும். ஃப்ரேமை மறுபடி இழுத்துக் கட்ட வேண்டியதுதான்.

இவை எல்லாம் சரி, இன்னும் கசிகிறது என்றால் இப்போது மையைச் சந்தேகப்படலாம். மையை இளக்கச் சேர்க்கும் ரெடியூசர் கூடிப்போயிருக்கும்.

ரப்பரின் கடினம் பொருந்தவில்லை என்று எப்படித் தெரியும்?

கோரா துணிப்பையில் மை திட்டுத்திட்டாக, நூலின் மேட்டில் மட்டும் ஏறிப் பள்ளத்தில் ஏறாமல் நின்றால் பிளேடு கடினம் கூடுதல். கார்டில் நுணுக்கமான எழுத்தும் டாட் வைத்த போட்டோவும் கொழகொழவென்று விழுந்தால் பிளேடு மென்மை கூடுதல். கடினத்தை ஷோர் ஏ என்ற அளவில் சொல்வார்கள். 60-ஐ ஒட்டியது மென்மை, சொரசொரப்பான துணிக்கு ஏற்றது. 70 பொதுவான வேலைக்கு. 80-ஐ ஒட்டியது கடினம், நுணுக்கமான கார்டு வேலைக்கும் கண்ணாடி, பிளாஸ்டிக் போன்ற வழவழப்பான பரப்புக்கும். பிளேடின் நிறத்தை வைத்து வாங்காதீர்கள். ஒரு கம்பெனியின் பச்சை இன்னொரு கம்பெனியின் பச்சை ஆகாது, எண்ணைக் கேட்டு வாங்குங்கள். துணிக்கு 43 டி (சென்டிமீட்டருக்கு 43 இழை) போன்ற கண் பெரிய மெஷ், கார்டுக்கு 120 டி போன்ற கண் சின்ன மெஷ் என்பது பலருக்கும் தெரியும். மெஷ்ஷை மாற்றும்போது பிளேடையும் மாற்ற வேண்டும் என்பதுதான் மறந்துபோகும்.

ஒரு பக்கம் அழுத்தமாக, மறுபக்கம் வெளிறி விழுகிறது

இதற்கு ஒரு நல்ல சோதனை இருக்கிறது. ஸ்க்வீஜியை வலது இடது மாற்றிப் பிடித்து ஒரு பிரிண்ட் போடுங்கள். வெளிறிய பக்கமும் இடம் மாறினால் பிளேடு ஒரு பக்கம் தேய்ந்திருக்கிறது. மாறாமல் அதே பக்கம் நின்றால் பிளேடு நிரபராதி. அடுத்து இன்னொருவரை இழுக்கச் சொல்லுங்கள். அவர் இழுத்து வெளிறல் போனால் உங்கள் ஒரு கை மற்றதைவிடக் கனமாக அழுத்துகிறது. வலது கைக்காரர்களுக்கு இது இயல்பு. மேசைக்கு நேர் நடுவில் நின்று, இரண்டு கையையும் ஓரங்களிலிருந்து சம தூரத்தில் வைத்தால் பெரும்பாலும் சரியாகிவிடும். அவர் இழுத்தும் அப்படியே விழுந்தால் மேசையோ கிளாம்போ சாய்ந்திருக்கிறது, மட்டம் வைத்துப் பாருங்கள்.

ஓரங்கள் நன்றாக விழுந்து நடு மட்டும் வெளிறினால் ஸ்க்வீஜியின் மரக்கட்டை வளைந்திருக்கலாம். மழைக்காலத்தில் ஈரம் குடித்த கட்டை இப்படிச் செய்யும். பிளேடு டிசைனைவிட இரண்டு பக்கமும் ஒன்றிரண்டு சென்டிமீட்டர் அகலமாக இருந்தால் போதும். ஃப்ரேமின் உள்விளிம்பை முட்டும் அளவுக்கு அகலமான பிளேடைப் போட்டால் ஓரத்து மெஷ் வளைந்து கொடுக்காமல் அழுத்தத்தைச் சாப்பிட்டுவிடும்.

மேசை அச்சில் சேலை அடிக்கிறவர்களுக்கு இதிலேயே ஒரு தனிப் புகார் வரும். சேலையின் அகலத்துக்கு ஒரு ஆள் கை எட்டாது. எதிரெதிரே இரண்டு பேர் நின்று, ஒருவர் பாதிவரை இழுத்து மற்றவர் கையில் விடுவார். கை மாறுகிற இடத்தில் ஒரு நொடி நின்றால்கூட அங்கே குறுக்கே ஒரு பட்டை கருத்து விழும். அது பிளேடின் கோளாறு இல்லை. நிறுத்தாமல் கைமாற்றுவது பழக்கத்தில்தான் வரும். அகலமான ஒரே நிறப் பரப்பில் பட்டை பளிச்சென்று தெரியும், புள்ளி டிசைனில் தெரியாது. ஆகவே, ஜோடி புதிதாக இருந்தால் முதலில் புள்ளி டிசைன் வேலையைக் கொடுங்கள். முடிச்சுப் போட்டுச் சாயம் தோய்க்கும் அசல் சுங்குடியில் ஸ்க்வீஜிக்கு வேலையே இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். புவிசார் குறியீடு பெற்ற மதுரைச் சுங்குடி அந்த முடிச்சுச் சேலை. இங்கே சொல்வது சுங்குடி டிசைனை அச்சில் போடுகிற வேலை.

போகப் போகப் புள்ளிகள் விழாமல் போகின்றன

தமிழ் அச்சில் இது விபரீதமான கோளாறு. மெஷ்ஷின் கண்ணில் மை காய்ந்து அடைக்கும்போது முதலில் மறைவது சின்னஞ்சிறு பகுதிகள், அதாவது மெய்யெழுத்தின் புள்ளி. ‘அழைப்பிதழ்’ என்பது ‘அழைப்பிதழ’ ஆகிவிடும். மாப்பிள்ளை ‘செந்தில்’ ‘செந்தில’ ஆனால் சம்பந்தி வீட்டில் கார்டைத் திருப்பி அனுப்புவார்கள்.

மேலே பாருங்கள். மின்விசிறி ஓடுகிறதா? கோடையில் அதை நிறுத்தச் சொல்ல யாருக்கும் மனசு வராது, ஆனால் மேசைக்கு நேர் மேலே ஓடும் விசிறி மையைக் காயவைத்துக்கொண்டே இருக்கும். காற்று ஆள்மேல் படட்டும், ஸ்கிரீன்மேல் படாமல் திருப்பிவையுங்கள். ஒவ்வொரு பிரிண்ட் போட்டதும் ஃப்ரேமைத் தூக்கிக்கொண்டு, அழுத்தாமல் லேசாக மையைத் திரும்பத் தள்ளி டிசைன்மேல் பரப்பிவையுங்கள். கண்கள் ஈரமாகவே இருக்கும். டீ குடிக்கப் போனாலும் மை பரப்பாமல் போகக் கூடாது. தண்ணீர் சார்ந்த மை என்றால் ஸ்ப்ரே பாட்டிலில் பனிபோல் ஒரு அடி அடிக்கலாம். கரைப்பான் மை என்றால் காய்வதைத் தாமதப்படுத்தும் ரிட்டார்டர் கொஞ்சம் சேர்க்கலாம். அடைத்த பிறகு ஸ்க்வீஜியை மேலும் அழுத்தித் திறக்கப் பார்ப்பது வீண்வேலை. அடைபட்ட கண் திறக்காது, பக்கத்துக் கண் கசியும். அந்த மைக்குரிய கரைப்பானைத் துணியில் தொட்டு அடிப்பக்கத்தில் ஒற்றி எடுங்கள்.

பிளேடு அலை அலையாக நெளிந்திருக்கிறது

கரைப்பான் குடித்துவிட்டது. ராத்திரி வேலை முடித்து ஸ்க்வீஜியைத் தின்னர் டப்பாவில் நிறுத்திவிட்டுப் போனால் காலையில் விளிம்பு உப்பி நெளிந்திருக்கும். சாதாரண ரப்பர் மண்ணெண்ணெயிலும் தின்னரிலும் சீக்கிரம் உப்பும். பாலியூரிதேன் பிளேடு தாங்கும், ஆனால் ராத்திரி முழுக்கத் தாங்காது. அட்டைத் துண்டால் மையை வழித்து எடுத்துவிட்டு, கரைப்பான் நனைத்த துணியால் துடைத்து, விளிம்பு எதிலும் படாமல் ஆணியில் தொங்கவிடுங்கள். லேசாக உப்பிய பிளேடை ஒரு நாள் சும்மா விட்டால் பெரும்பாலும் பழைய நிலைக்கு வரும். தினமும் ஓடுகிற பட்டறையில் இரண்டு ஸ்க்வீஜி வைத்து மாற்றி மாற்றி எடுப்பது நல்லது.

வெட்டும் மழுங்கலும் சாணை பிடித்தால் போகும். தட்டையான பலகையில் 120 நம்பர் உப்புத்தாளை ஒட்டிக்கொள்ளுங்கள். அதன்மேல் சம உயரமுள்ள இரண்டு மரக்கட்டைகளை, பிளேடு நடுவில் நிமிர்ந்து நிற்கும் இடைவெளியில் ஆணி அடித்து வைத்துக்கொள்ளுங்கள். அந்தச் சந்துக்குள் பிளேடை நிறுத்தி, அதன் நீளவாக்கிலேயே முன்னும் பின்னும் தேயுங்கள். சாயாமல் பார்த்துக்கொள்வதுதான் கட்டைகளின் வேலை. வெட்டு மறைந்ததும் 220-க்கும் அதைவிட நைசான தாளுக்கும் போய் மூலையைக் கூராக்குங்கள். கத்தியால் சீவலாமா என்று கேட்பவர்களுக்கு: கூடாது. சீவின இடத்தில் அலை விழும், டார்ச் சோதனையில் அடி முழுக்க வெளிச்சம் தெரியும்.

ஸ்டிக்கரில் கொப்புளமும் மடிப்பும்

வினைல் ஒட்டுவதற்குப் பயன்படுவது ரப்பர் அல்ல, பிளாஸ்டிக் அட்டை. ஓரத்தில் ஃபெல்ட் துணி ஒட்டாத அட்டை பிரிண்ட் செய்த பரப்பில் மெல்லிய கீறல் போடும். கொப்புளம் வருவதற்குக் காரணம் ஓரத்திலிருந்து நடுவுக்குத் தள்ளுவது. நடுவில் தொடங்கி ஓரத்துக்குத் தள்ளுங்கள், ஒவ்வொரு தள்ளலும் முந்தையதன்மேல் ஏறிப் போகட்டும். கண்ணாடியில் பெரிய ஃபிலிம் என்றால் சோப்புத் தண்ணீர் அடித்து மிதக்கவிட்டு ஒட்டினால் நகர்த்தி நேர் பார்க்க முடியும். அந்த முறையில் ஒட்டிய மறுநாள் தெரிகிற மங்கல் திட்டு காற்று அல்ல, தங்கிவிட்ட தண்ணீர். தொடாதீர்கள், சில நாளில் தானாகப் போய்விடும். காற்றுக் கொப்புளத்தை மட்டும் ஊசியால் குத்தி, அதை நோக்கி அட்டையைத் தள்ளுங்கள். கார் கண்ணாடிக்குக் கறுப்பு ஃபிலிம் ஒட்டச் சொல்லி வருகிறவர்களிடம் உச்ச நீதிமன்றம் 2012-இலேயே தடை போட்டதை எடுத்துச் சொல்லி அனுப்பிவிடுங்கள்.

நெகட்டிவில் நீளக் கீறல்

ஃபிலிம் சுருளில் எடுத்து வீட்டிலேயே கழுவும் இளசுகள் இப்போது மறுபடி வருகிறார்கள். கழுவிய ஃபிலிமைத் தொங்கவிட்டு, இடுக்கி மாதிரி இரண்டு ரப்பர் வைத்த ஸ்க்வீஜியால் மேலிருந்து கீழே வழிப்பது ஒரு பழக்கம். என்னைக் கேட்டால் அந்தச் சாமானை வாங்கவே வேண்டாம். ஃபிலிமின்மேல் பூசியிருக்கும் ஜெலட்டின் ஈரத்தில் ஊறி மென்மையாக இருக்கும். ரப்பரில் ஒரே ஒரு தூசி சிக்கியிருந்தாலும் சுருள் முழுக்கக் கோடு போட்டுவிடும்.

சரி, கீறல் விழுந்துவிட்டது. கேமராவா, ஃபிலிம் சுருள் இருந்த டப்பாவின் வாய்த் துணியா, ஸ்க்வீஜியா? கிளிப்பில் தொங்கிய மேல் நுனியைப் பாருங்கள். ஸ்க்வீஜி தொட்ட இடத்திலிருந்துதான் அதன் கீறல் தொடங்கும், அதற்கு மேலே சுத்தமாக இருக்கும். கையால் இழுத்தது என்பதால் கோடு லேசாக நெளியும். கேமராவும் டப்பாவும் போடும் கோடு ஸ்கேல் வைத்ததுபோல் நேராக, எல்லா ஃப்ரேமிலும் ஒரே உயரத்தில் ஓடும். பிரிண்டில் கறுப்பாகத் தெரிந்தால் ஜெலட்டின் பக்கமே உரிந்துவிட்டது, அதற்கு மருந்தில்லை. வெள்ளையாகத் தெரிந்தால் அநேகமாகப் பின்பக்கத்துக் கீறல்.

ஸ்க்வீஜி இல்லாவிட்டால் தண்ணீர்த் திட்டு நிற்குமே என்பார்கள். போர் தண்ணியில் கடைசிக் கழுவல் கொடுத்தால் நிற்கும். மெக்கானிக் கடைகளில் கிடைக்கும் பேட்டரி தண்ணி, அதாவது டிஸ்டில்டு வாட்டர், ஒரு லிட்டர் வாங்குங்கள். ஆசிட் கேனைத் தூக்கிவந்துவிடாதீர்கள். அந்த டிஸ்டில்டு வாட்டரில், தண்ணீரைச் சொட்டாக நிற்கவிடாத கோடாக் ஃபோட்டோ-ஃப்ளோ 200 என்ற திரவம் இருந்தால் 5 மில்லி கலந்து, ஃபிலிமை அரை நிமிடம் முக்கி, உதறாமல் தூசியில்லாத இடத்தில் தொங்கவிடுங்கள். தண்ணீர் சொட்டாக நிற்காமல் ஏடாக வழிந்து இறங்கிவிடும்.

பிரிண்டில் பளபளப்பு திட்டுத்திட்டாக வருகிறது

பேப்பர் பிரிண்டுக்கு ஸ்க்வீஜி ஆகும். பிளாஸ்டிக் பூச்சுள்ள ஆர்சி பேப்பரைக் கண்ணாடியில் போட்டு, முதலில் முதுகுப்பக்கம், பிறகு முகப்பக்கம் என்று லேசாக வழித்தால் போதும், தானே காயும். பூச்சில்லாத ஃபைபர் பேப்பரைத்தான் பழைய ஸ்டுடியோக்களில் கிளேசிங் செய்வார்கள். முகத்தை குரோமியத் தகட்டில் கவிழ்த்து, ரோலரோ ஸ்க்வீஜியோ ஓட்டி ஒட்டவைத்துச் சூட்டில் காயவிட்டால், காய்ந்ததும் பளபளவென்று தானே உதிரும்.

பளபளப்பு நடுவே மங்கல் வட்டங்கள் இருந்தால் அங்கெல்லாம் காற்றோ தண்ணீரோ மாட்டியிருக்கிறது. பிரிண்டைத் தண்ணீர் சொட்டச் சொட்டத் தகட்டில் ஒரு ஓரத்திலிருந்து இறக்கி, நடுவிலிருந்து வெளிப்பக்கமாக ஓட்டுங்கள். மங்கல் விழுந்த பிரிண்டை மறுபடி ஊறவைத்துத் திரும்ப ஒட்டலாம், வீணாகாது. காய்ந்தும் உதிராமல் தகட்டோடு ஒட்டிக்கொண்டால் தகட்டில் அழுக்கு இருந்திருக்கும் அல்லது சூடு அதிகம். நகத்தாலோ ஷேவிங் பிளேடாலோ நெம்பாதீர்கள், குரோமியத்தில் விழும் கீறல் அதற்கப்புறம் வரும் ஒவ்வொரு பிரிண்டிலும் பதியும். தகட்டோடு தண்ணீரில் போட்டுவிடுங்கள், ஊறினால் கொஞ்சம் கொஞ்சமாக விடும். அப்புறம் தகட்டைச் சோப்புத் தண்ணீரில் மென்மையான துணியால் கழுவி, விரல் ரேகை படாமல் ஓரத்தைப் பிடித்துக் காயவைத்த பிறகே அடுத்த பிரிண்டை எடுங்கள்.